என்றால் சரியல்ல

தேவகோட்டை கோர்ட்டில் தட்டச்சு எனக்கு.
பதினோரு வருடமாகப் பிறர் சொன்னதை அடிக்கிறேன்.
‘என்றால் சரியல்ல’ என்று முடிகிற வாக்கியங்களை
வக்கீல் மூச்சு வாங்கும்போதே
விரல்கள் முடித்துவிடும்.

சோலைமணி வழக்கு
இங்கே வந்து சேருமுன்பே
ஊரில் தீர்ப்பாகியிருந்தது,
இரண்டு தடவை.

பேருந்து நிலையத்துக் கிழக்குச் சுவரில்
‘வளவு காத்த மகளுக்கு நீதி வேண்டும்.’
மேற்குச் சுவரில்
‘அப்பாவி சாத்தையா மீது பொய் வழக்கா?’
அடித்தது ஒரே அச்சகம்.
ஒட்டியவன் ஒரே ஆள், ஒரே பசை வாளி.

கோட்டையூரில் நாற்பத்தொரு பங்குள்ள வீடு.
பங்காளிகள் பினாங்கில், சென்னையில், ஒருவர் ஓசூரில்.
சாவிக்கொத்து சோலைமணியிடம்.
தேக்குத் தூண் இரண்டு காணாமல் போன மாதம்
இரண்டாங்கட்டில் அவள் விழுந்து கிடந்தாள்.
இதுவரை எல்லோரும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள்.

தூணை விற்றவளே அவள்தான்,
காசு பிரிப்பதில் தகராறு என்றது ஒரு வாட்ஸ்அப் குரல்.
விற்றது பழம்பொருள் கடை சாத்தையா,
அவள் பார்த்துவிட்டாள் என்றது இன்னொன்று.
யூடியூப்காரன் ஒருவன்
பூட்டிய வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு
உள்ளே நடந்ததையெல்லாம் சொன்னான்,
கை ஓங்கிய விதம் உட்பட.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் படம் கேட்டபோது
தம்பியிடம் இருந்தது ஒன்றுதான்.
யார் வீட்டுக் கல்யாணமோ.
இரவல் வாங்கிய சிவப்புக் கண்டாங்கி,
கையில் சாம்பார் வாளி.
வாளியை வெட்டிவிட்டார்கள்.

பார், மகாலட்சுமி மாதிரி, என்றது கிழக்குச் சுவர்.
பார், காவல்காரிக்கு ஏது இந்தப் புடவை, என்றது மேற்கு.

அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி, பால்கார நல்லபெருமாள்,
காலை ஐந்தரைக்கு அவள்
சிவப்புக் கண்டாங்கியோடு கிடந்ததைப் பார்த்தார்.
ஐந்தாம் சாட்சி, கொத்தனார் இன்னாசி,
முந்தின நாள் சாயங்காலம்
சிவப்புக் கண்டாங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு
அவள் போனதைப் பார்த்தார்.
எதிர்த்தரப்புச் சாட்சியும் பார்த்தார்:
அதே கண்டாங்கி, லாரிக்காரர்களோடு சிரித்த பேச்சு.

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும்.
அது இடையில் தண்ணீர் கேட்கும்.
இவர்கள் யாரும் கேட்கவில்லை.

ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள்
என்றால்
சரியல்ல.
திங்கட்கிழமை அவர் கேட்டதை
புதன்கிழமை இவர் கேட்டார்.
என்றால் சரியல்ல.
வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.

சான்றுப் பொருள் நான்கு:
நீல நிற நைட்டி ஒன்று, பழையது,
இடது தோளில் தையல் பிரிந்தது.
வெளிர் பச்சைத் துண்டு ஒன்று.
அந்தப் பட்டியலை அடித்ததும் நான்தான்.
அரக்கு முத்திரையோடு மேசைக்குக் கீழே
பழுப்பு உறையில் இருக்கிறது.
கால் நீட்டினால் இடிக்கும்.

தீர்ப்பு பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
வேப்பமரத்தடியில் இரு தரப்பும்
ஒரே வண்டியில் கரும்புச்சாறு குடிக்கிறார்கள்.
சாத்தையாவின் மனைவி மட்டும் ஓரமாக நிற்கிறாள்.
அவளை இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை.

சோலைமணியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவுமில்லை.
கூட்டுறவு வங்கியில், நகைக்கடன் வரிசையில்
என்னிடம் பேனா இரவல் கேட்டாள்.
சலானில் பெயரை அழுத்தி எழுதினாள்,
அடிக்காகிதம் வரை பதிந்தது.

என்ன உடுத்தியிருந்தாள்?
நேற்று ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.
சலான் ரோஸ் நிறம். மேலே காத்தாடி ஓடவில்லை.
வரிசையில் அவள்
சிவப்புக் கண்டாங்கியில் நின்றாள்.

எழுந்து விளக்கைப் போட்டேன்.
கொஞ்சம் திரும்பு, தோளைப் பார்க்கிறேன் என்றேன்.
திரும்பவில்லை.
பேனா மூடியை
மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.